மூச்சை அடக்காதீங்க, சக்திவேல்

"யாரு சிரிச்சது?"

மாளவிகா திரும்பிப் பார்த்தாள். கர்ப்பிணிப் பெண்கள் பாய்களில் தலையணையில் சாய்ந்து, வயிற்றில் கை வைத்து, கண்மூடி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சுவரோரம் நின்ற ஒரே ஆண்பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மழையில் நனைந்த தலைமுடி... நெற்றியில் வழியும் நீர்... சிரிப்பை மறைக்கத் தெரியாத பெரிய கண்கள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. அபிராமபுரத்தில் அவள் வகுப்பு நடத்திய அந்தக் கீழ்த்தளத்தில் இன்று யாரோ கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஐப்பசி மழை ஜன்னலைத் தட்டும்போதெல்லாம் மாளவிகாவுக்கு அந்தக் கண்கள்தான் நினைவுக்கு வரும். கூடவே அந்தச் சண்டையும்.

"நான்தாங்க சிரிச்சேன். மன்னிச்சுக்கோங்க. இவ என் தங்கச்சி சரண்யா. மாப்பிள்ளை மஸ்கட்ல இருக்காரு. அதான் நான் கூட்டிட்டு வந்தேன்."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"மூச்சை உள்ள இழுத்தா வயிறு விரியணும், வெளிய விட்டா குழந்தையை அணைச்சுக்கற மாதிரி வயித்தை மெல்ல உள்ள வாங்கணும்னு சொன்னீங்க... எங்கம்மா நாலு பெத்தாங்க. அவங்களுக்கு யாரு மூச்சு விடக் கத்துக்கொடுத்தா?"

"அண்ணே! சும்மா இரேன்!" சரண்யா பல்லைக் கடித்தாள்.

"உங்கம்மாவுக்கு இடுப்பு வலி உண்டா சார்?" என்றாள் மாளவிகா.

அவன் திகைத்தான். "ரொம்ப நாளா... உண்டு."

"வயித்துத் தசைதான் முதுகைத் தாங்கணும். பிரசவத்துல அது தளர்ந்துபோய், யாரும் கவனிக்காம விட்டா, பாரமெல்லாம் இடுப்புல இறங்கும். புரிஞ்சுதா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சக்திவேலுக்குத் தி.நகரில் சொந்தத் துணிக்கடை, வாயால் பேசியே வாடிக்கையாளரை வளைக்கிறவன்... தோற்றுப்போக மனம் வரவில்லை போலிருக்கிறது. விளையாட்டாகக் கேட்டான்.

"சரி மேடம். உங்க குழந்தைக்கு இதெல்லாம் உதவிச்சா?"

மாளவிகாவின் முகத்தில் ஏதோ அணைந்தது.

"ஆண்கள் வெளில காத்திருக்கலாம்," என்றாள்.

அவளுக்கும் ஒரு குழந்தை வயிற்றில் இருந்தது. ஆறாம் மாதம் அது போயிற்று. அதைத் தொடர்ந்து கணவனும் போனான்... 'உன்னால ஒரு குழந்தையைக்கூடத் தாங்க முடியலயே' என்ற ஒரு வார்த்தையைக் கையில் கொடுத்துவிட்டு. கோர்ட்டுப் படியேறி இறங்கி, மயிலாப்பூரில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள், பிசியோதெரபி படிப்பைத் தூசி தட்டி எடுத்து இந்த வகுப்பைத் தொடங்கினாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு சக்திவேல் வகுப்புக்குள் வரவில்லை. சரண்யாவை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் காரிலேயே உட்கார்ந்திருந்தான். யாரோ அவனிடம் அவள் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஜன்னல் வழியே பார்த்தால் தலை குனிந்துகொள்வான்.

'வந்து ஒரு மன்னிப்பு கேட்டா என்னவாம்?' என்று அவளுக்குக் கோபம் வரும். 'நீ போய் ஒரு வார்த்தை பேசினா என்ன?' என்று மனசு திருப்பிக் கேட்கும். போகமாட்டாள். ஆனால் வகுப்புக்கு வந்ததும் முதலில் அந்த ஜன்னலைத்தான் திறப்பாள்... காற்றுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு.

கார்த்திகை பிறந்திருந்தது. விடாத மழை. வகுப்பின் நடுவே சரண்யா அவள் கையைப் பிடித்தாள்.

"மேடம்... பனிக்குடம் உடைஞ்சிருச்சு போலருக்கு."

மாளவிகா வாசலுக்கு ஓடினாள். கையசைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சக்திவேல் குடையை மறந்து, செருப்பை மறந்து ஓடி வந்தான்.

மந்தைவெளி தாண்டியதும் சாலையே தெரியவில்லை. பஸ், ஆட்டோ, வேன் எல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்றன. பின்சீட்டில் சரண்யா மாளவிகாவின் தோளில் சாய்ந்து முனகினாள்.

"வலி வரும்போது வயித்தை இறுக்கிக்காதம்மா. தளர்த்திவிடு. தோளையும் விடு. மூச்சை உள்ள வாங்கு... இப்ப வாயால நீளமா விடு... ஊதற மாதிரி... அவ்வளவுதான் கண்ணு..."

வலி ஏறி இறங்கியது. மறுபடி ஏறியது. மாளவிகா முன்சீட்டைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் வெளுத்து, கழுத்து நரம்பு புடைத்து, அவன் சிலையாக இருந்தான்.

"மூச்சை அடக்காதீங்க, சக்திவேல்!"

"ஆங்?"

"நீங்க மயங்கி விழுந்தா நாங்க என்ன பண்றது? வயித்துக்குள்ள வாங்குங்கோ. ஹ்ம்... இப்ப விடுங்கோ."

அவன் விட்டான். அந்தச் சத்தத்தில், அத்தனை வலியிலும் சரண்யாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அண்ணே... எருமை மாதிரி விடுற..."

மூன்று பேரும் சேர்ந்து மூச்சு வாங்கினார்கள்... சேர்ந்து விட்டார்கள். கார்க் கண்ணாடிகள் பனித்துப்போயின. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வண்டிகள் நகர்ந்தன. அடையாறு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. சாயங்காலம் மழை ஓயும் நேரத்தில், நர்ஸ் கதவைத் திறந்து "பொண்ணு" என்றாள்.

வராந்தாவில் காபியோடு வந்து நின்றான் சக்திவேல்.

"அன்னைக்கு நான் கேட்டது... ரொம்பத் தப்புங்க. வீட்டுக்குப் போற வழியிலயே சரண்யா சொன்னா. அப்புறம் உங்க முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரல."

"பரவாயில்ல."

"இல்ல, முழுசாச் சொல்லிடறேன். உள்ள வந்து உங்களைப் பார்த்த அந்த நிமிஷமே பிடிச்சுப்போச்சு. பெரிய கெட்டிக்காரன்னு காட்டிக்கணும்னு வாய் உளறிருச்சு. கடையில ஆள் இருந்தும் ஒவ்வொரு தடவையும் நானே வந்ததும்... அதுக்குத்தான்."

மாளவிகா காபியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பரிதாபமா?"

"ஐயோ, இல்லங்க."

"எனக்கு இன்னொரு குழந்தை பிறக்குமான்னே தெரியாது, சக்திவேல். உங்க வீட்டுல கேப்பா... எல்லாரும் கேப்பா."

"கேக்கட்டும். நான் இப்ப கேக்குறது உங்களைத்தான்."

அவள் நிமிர்ந்தாள். அந்தப் பெரிய கண்களில் இன்று சிரிப்பு இல்லை. பயம் இருந்தது... அவள் பதிலுக்காகக் காத்திருக்கும் பயம்.

"எங்கப்பா லேசுல ஒத்துக்கமாட்டார்," என்றாள் மெதுவாக.

"நான் வந்து பேசறேன்."

"வேண்டாம். நானே பேசிக்கறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு நான்தானே சொல்லணும்."