ஏறின கியரில் இறங்கு

நடுக்கண்ணாடி மறுபடியும் தாழ்ந்திருந்தது. பின்னால் வரும் சாலையைக் காட்ட வேண்டியது, பெல்ட்டுக்குள் சுருண்டு தூங்கும் மகளைக் காட்டியது. மலையிறக்கம் தொடங்கியதிலிருந்து இதே கதைதான். காரை ஓட்டிக்கொண்டே அவள் அதை நிமிர்த்திவிட்டாள்.

"ஏறின கியர்லயே இறங்கும்மா, பிரேக்கை நம்பாதே" என்று ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் சொல்லியிருந்தார். இரண்டாம் கியரில் என்ஜின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. இருந்தும் பயத்தில் கால் அடிக்கடி பிரேக்குக்குப் போனது. மாலை வெளிச்சத்தைப் பனிமூட்டம் மெல்ல மெல்ல விழுங்க, ஈரமண் வாசனையோடு சூடேறிய பிரேக்கின் காந்தல் நெடியும் உள்ளே வர, வைப்பர் போய்வரும் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. பின்சீட்டில் இரண்டு பேர் மூச்சு விடும் சத்தம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அம்மா..." தூக்கம் கலையாத குரல். "கண்ணாடியை அப்படியே விடும்மா. நான் உனக்குத் தெரியணும்."

"ஏன் கண்ணு?"

"பக்கத்துல யாரோ இருக்காங்க."

பெற்ற மனம் பதறியது. ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கி ஓடினாள். பின்கதவைத் திறந்தும் உள்விளக்கு எரியவில்லை. இருட்டில் துழாவி, கைக்கு அகப்பட்ட சின்ன உடம்பை வாரி அணைத்து வந்து முன்சீட்டில் உட்கார வைத்தாள். கன்னம் சில்லென்றிருந்தது.

"பயப்படாதே. அம்மா பக்கத்துலயே இரு."

தலை மட்டும் ஆடியது.

மீண்டும் இரண்டாம் கியர். மீண்டும் முனகல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் வெள்ளை.

அப்போதுதான் உறைத்தது. பின்சீட்டில் பெல்ட்டைக் கழற்றிய ஞாபகமே அவளுக்கு இல்லை. மகளுக்கோ அதைக் கழற்றத் தெரியாது.

கண்ணாடி தானாகத் தாழ்ந்தது.

அதில் மகள். பெல்ட்டுக்குள். கண்ணீர் வழிய, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு.

பக்கத்தில் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கியரைப் பிடித்திருந்த கைமேல் ஒரு சின்னக் கை வந்து அமர்ந்தது. மெதுவாகத் தள்ளியது.

நியூட்ரல்.

முனகல் நின்றது. பிரேக்கை மிதித்தாள். கால் தரைவரை போனது.

வண்டி சத்தமே இல்லாமல் இறங்கியது. கண்ணாடியில் மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.