நூறாவது ஆள்

மாணிக்கவேல் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் இரண்டு பேர். டாக்டர் சிவப்பிரகாசத்தின் காதுகளில் மூன்று பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அவர் தன்னுடைய மூச்சைத்தான் சந்தேகப்பட்டார். அடக்கிப் பார்த்தார். எண்ணிக்கை குறையவில்லை. ஹெட்போனைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டினார். மாணிக்கவேலின் மார்பில் ஒட்டியிருந்த மைக் வழியாக, பட்டுநூல் தூசி வருடக்கணக்கில் படிந்த நெஞ்சுக்கே உரிய மெல்லிய கரகரப்பு வந்தது. அவர் மனைவி சின்னம்மாளுடையது சுத்தமான, சின்ன மூச்சு. மூன்றாவது, அறையின் பொதுச் சத்தத்தைப் பதிவு செய்யச் சுவர் ஆணியில் மாட்டிய மைக்கில் கேட்டது: உள்ளே இழுக்கையில் காய்ந்த சருகை யாரோ மெதுவாக மிதிப்பது போல ஒரு நொறுநொறுப்பு, வெளியே விடுகையில் ஈரமான நீண்ட பெருமூச்சு, பிறகு முடிந்துபோய்விட்டது என்று நினைக்கும் அளவுக்கு ஓர் இடைவெளி, அதற்குப் பிறகு மறுபடியும் சருகு.

மாதாந்திர மின் பராமரிப்பு நாள் அது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. மற்ற நாட்களில் முள்ளிப்பட்டில் நாலு வீடு தள்ளி ஓடும் விசைத்தறிகளின் தடதடப்பில் பக்கத்தில் இருப்பவர் தும்முவதுகூடக் கேட்காது. மூச்சைப் பதிவு செய்ய டாக்டர் இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். இன்று சாயத் தொட்டியிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. ஓட்டின் மேல் அணில் ஓடுவது கேட்டது. கதவிடுக்கில் நுழைந்த வெயில் மாணிக்கவேலின் கைத்தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூல்களில் விழுந்து, எதிர்ச் சுவரில் கோடு கோடாக நிழல் போட்டிருந்தது. இலை அசையாத அந்த மதியத்தில் அந்த நிழல்கள் லேசாக உப்பின, லேசாக அடங்கின. சருகுச் சத்தத்தோடு சேர்ந்து.

டாக்டர் சிவப்பிரகாசம் சாதாரண ஆள் இல்லை. சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தலைவர், நுரையீரல் ஆராய்ச்சியாளர். அன்று மாலை ஆரணியில் நடக்கவிருந்த பாராட்டு விழாவின் பேனரில் அவருடைய பட்டங்கள் இரண்டு வரியில் அடங்காமல் மூன்றாம் வரியில் தொங்கின. கொரோனா காலத்தில், ஒரே வென்டிலேட்டரை இரண்டு நோயாளிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று எழுதிய கட்டுரைதான் அவரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனது. இருவரில் யாருடைய நுரையீரல் இளகியதோ அது காற்றை எல்லாம் எடுத்துக்கொள்ளும், விறைத்த நுரையீரல் பட்டினி கிடக்கும் என்பதையும் சொல்லித்தான் இருந்தார். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். அதைச் செய்து பார்க்கும் தேவை அவருக்கு ஒருமுறைகூட வரவில்லை. செய்து பார்த்தவர்போல் பேசும் தேவை அடிக்கடி வந்தது.

இப்போது நெசவாளர் நுரையீரல் ஆய்வு. வெளிநாட்டு மாநாட்டுக்காரர்கள் நூறு பேர் வேண்டும் என்றார்கள். கலசப்பாக்கத்தில் கல்யாணம் என்று கடைசி ஆள் கழன்றுகொண்டதில், மாணிக்கவேல் தம்பதியோடு கணக்கு தொண்ணூற்றொன்பதில் நின்றுபோனது. ஒன்று குறைந்தால் மாநாடு இல்லை. பேனரிலோ நூறு நெசவாளர் என்று ஏற்கெனவே அடித்துவிட்டார்கள்.

மைக்குகளைப் பொருத்திய உதவியாளர் சத்யப்ரியா பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பூட்டிக் கிடக்கிறது, எல்லோரும் படவேடு கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். டாக்டர் படுத்திருந்தவர்களை எழுப்பச் சொன்னார்.

மாணிக்கவேலுக்கு ஆச்சரியமே இல்லை. "இவ கொறட்டைதான் சார் அது. கட்டிகினு வந்த நாளா சொல்லிகினு இருக்கறேன், ஒத்துக்க மாட்டேன்றா."

"ராத்திரியெல்லாம் டிராக்டர் ஓட்டறது இவரு, பேரு எனக்கா" என்று சின்னம்மாள் சத்யப்ரியாவிடம் முறையிட்டாள். "இவரு வாயில துணிய அடைக்கலாமான்னுகூட நெனச்சிருக்கறேன்மா."

இருவரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் பேசி முடித்து வாயை மூடியிருந்தார்கள். அப்போது அது வந்தது. எந்தக் கருவியும் இல்லாமல், நால்வர் காதிலும். சருகு. பெருமூச்சு. இடைவெளி.

கல்யாணம் ஆன நாள் முதலான சண்டை அந்த இடைவெளியில் முடிந்தது. சின்னம்மாளின் கை பாயின் மேல் ஊர்ந்து போய்ப் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

சத்தம் தறிக்குழியிலிருந்து வந்தது. நெசவாளி காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கும் குழி. ஒரு ஆள் உட்காரக்கூட ஆழம் போதாது. டாக்டர் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். மிதிகட்டைகள், ஒட்டடை, அறுந்த நூல் துணுக்குகள். வேறொன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, ஈர மண்ணும் புளித்த கஞ்சியும் கலந்த வாடை மேலே வந்து அவர் முகத்தில் பட்டு, திரும்பக் கீழே இழுபட்டது. ஓடிவிடு என்றது உடம்பு. வாழ்நாளெல்லாம் சாகிறவர்களின் மூச்சைக் கேட்டவர் அவர். இந்த நெஞ்சு கட்டையாக விறைத்துப்போனது, ஒரு ராத்திரிக்குமேல் தாங்க வாய்ப்பில்லாதது, ஆனால் இந்த வீட்டில் வருடக்கணக்காக முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. நூறு.

மைக்கைக் குழிக்குள் இறக்கச் சொன்னார்.

"ஆளே இல்லியே சார்" என்றாள் சத்யப்ரியா. "யாருன்னு சேக்கறது?"

"நமக்கு வேண்டியது மூச்சுதானம்மா."

ஆய்வில் சேரும் ஒவ்வொருவரிடமும் அவரே தன் வாயால் ஓர் உறுதி சொல்வது வழக்கம். அதை நம்பிச் சென்னைக்குப் போன் போட்டவர்களுக்கு வரவேற்பறைப் பெண் மூன்று மாதம் தள்ளி நேரம் கொடுப்பாள். ஆகவே அந்த உறுதியால் டாக்டருக்கு இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை. குழியின் விளிம்பில் குனிந்து, குரல் நடுங்குவதை இருமி மறைத்துக்கொண்டு சொன்னார்:

"மூச்சு முட்டினா எப்ப வேணும்னாலும் எங்கிட்ட வரலாம். இனிமே உங்க மூச்சுக்கு நான் பொறுப்பு."

குழிக்குள் மூச்சு நின்றது.

சாவு நேரம் குறிக்கும் பழக்கதோஷத்தில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் பாவு நூல்களின் நிழல்கள் கோடு கிழித்தாற்போல் அசையாமல் நின்றன. அவர் நிமிர்ந்தபோது சின்னம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஓரடி தள்ளி, யாருக்கோ வழி விட்டாள்.

ஆரணிக்குக் காரை டாக்டர்தான் ஓட்டினார். இருபக்கமும் வயல், வெயில், எதிரே வரும் பஸ்களின் ஹாரன், எல்லாம் எப்போதும்போல் இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி வழியில் சத்யப்ரியா ஏசியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார். சருகுச் சத்தம் நிற்கவில்லை. அவள் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துவிடாமல் இருக்கக் கழுத்தை இறுக்கி வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்ட் வந்ததும், வண்டி முழுசாக நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

"நான் பஸ்லயே ஊருக்குப் போய்க்கறேன் சார்."

கைப்பையைக்கூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கவனித்தார். பின் சீட்டில் அது மூச்சை இழுக்கும்போது, அவருடைய நெஞ்சு காத்திருந்தது. அது விட்ட பிறகே அவருக்கு முறை வந்தது. அதற்கு ஒன்று. அவருக்கு ஒன்று. கார்க் கண்ணாடிகளை இறக்கினார். காற்று முகத்தில் அறைந்தது, மூக்குக்குள் போகவில்லை. ஒரு கருவி, இரண்டு பேர். சருகுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அந்த நெஞ்சு இளகிக்கொண்டிருந்தது. அவருடைய பொறுப்பில் ஒரு நோயாளி இவ்வளவு வேகமாகத் தேறியதே இல்லை.

விழா நடந்த கல்யாண மண்டபத்துக்குள் அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோனார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டு. கரண்ட் வந்துவிட்டிருந்தது. பின்தெருவில் விசைத்தறிகள் ஓட ஆரம்பித்திருந்தன. அந்தத் தடதடப்பில் இந்த மூச்சு அமுங்கிவிடும் என்று நம்பினார். அமுங்கவில்லை. காதுக்குள் இருந்தது.

கூட்டம் சேர்க்க, ஆய்வுக்கு வந்தவர்களையே வேனில் ஏற்றி வந்து, கையில் எவர்சில்வர் டப்பா கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருக்கு. இன்னொன்று வராமல்போன சிறப்பு விருந்தினருக்கு. வாங்கிய சால்வை வீணாகக் கூடாது என்று, விழாக்குழுத் தலைவரான பட்டுக்கடை முதலாளி தென்னரசு அதைக் காலி நாற்காலிக்கே போர்த்தி, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். பிறகு டாக்டருக்குப் போர்த்தினார். ஒன்றின் மேல் ஒன்று. ஊரிலுள்ள பட்டுக்கடைக்கு ஒன்று வீதம். நெஞ்சின் மேல் பட்டு ஏறிக்கொண்டே போனது.

அதற்கு இரண்டு. அவருக்கு ஒன்று.

தென்னரசு மைக்கில் பட்டங்களை வாசித்தார். முதல் வரி முடிந்தது. அதற்கு மூன்று. அவருக்குப் பாதி.

தென்னரசின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார் டாக்டர். உதடு அசைந்தது. சொல்வதற்குக் காற்று வேண்டும். காற்று இல்லை. தென்னரசு குனிந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் தழுதழுத்தார்.

"இவ்ளோ பெரிய டாக்டரு. இவ்ளோ நேரமா பேசிகினு இருக்கறோம், தன்னப் பத்தி ஒரு வார்த்த வரல பாருங்க. தலைய குனிஞ்சிகினு ஒக்காந்திருக்கறாரு. இதுக்குப் பேருதாங்க அடக்கம்."

கைதட்டல்.

முன்வரிசையில் சின்னம்மாள் தட்டவில்லை. மேடையைப் பார்த்தாள். அவரை அல்ல. முந்தானை மூக்குக்குப் போனது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, புருஷனை இழுத்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்கள்.

மூன்றாம் வரி.

டாக்டரின் நகம் நீலம். வாய் திறந்திருந்தது. முறைக்காகக் காத்திருந்தார். முறை வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அவர் மார்பின் மேல் இருந்த அத்தனை சால்வைகளும் அசையாமல் கிடந்தன.

பக்கத்துக் காலி நாற்காலியில், அகலக் கரை வைத்த பட்டுச் சால்வை நிதானமாக உப்பியது. அடங்கியது. ஒரு கரகரப்பும் இல்லாமல், மறுபடி உப்பியது.