பனிக்குப் பின் பதினான்கு நாள்

சாயங்காலம் சூரியனை அணைப்பது மாயக்காளின் வேலை. கதவோரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைக் கீழே இழுத்தால் கூரையில் எரியும் சூரியன் அவிந்துபோகும். நேற்று ஐந்தே காலுக்கு அணைத்தாள் என்றால் இன்று ஐந்து பன்னிரண்டுக்கு, நாளை ஐந்து ஒன்பதுக்கு. துணி காயவில்லை, குளித்த தலை ஈரம் போகவில்லை என்று எல்லோரும் அவளைத்தான் வைவார்கள். அவள் என்ன செய்வாள்? பகல் குறுகினால்தான் ஓக்கா மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும்.

செவ்வாயில் இப்படிப் பன்னிரண்டு குளிர்வளையங்கள். ஒவ்வொன்றும் ஒரு மலைச்சரிவு கொள்ளுகிற கண்ணாடிக் கூண்டு. பூமியில் மலைகளெல்லாம் சூடேறி, குளிரில் விளைகிற பயிருக்கு இடமே இல்லாமல் போன பிறகு, ஆண்டீஸ் மலைக்காரர்கள் காலங்காலமாகக் காப்பாற்றி வந்த கிழங்குகளை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். ஓக்காவுக்குப் புளியாரை மாதிரி இலை. கிழங்கு சிவப்பாக, மேலெல்லாம் மடிப்பு விழுந்து, விரல் போல இருக்கும். உல்லுக்கோ மஞ்சள் தோலில் ரோஸ் புள்ளி தெளித்தது. மண்ணைத் தட்டிக் கையில் எடுத்தால் நகைக்கடையில் நிற்கிற மாதிரி இருக்கும். ஒன்பது வருடமாக மாயக்காள் தோண்டுகிறாள். ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை.

வைக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே கடைவாய்ப் பல்லில் அரிசியளவு ஒரு பல்லொற்றனைப் பதித்துவிடுவார்கள். கிழங்கின் மாவு நாக்கில் பட்டால் அது மேலிடத்துக்குச் சொல்லிவிடும். ஆட்களுக்கு மூன்று வேளையும் பாசிக்கூழ்தான்.

அவளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பூமியில் பஞ்சம். இங்கே விளைகிறது கப்பலேறி அங்கே போகிறது, திண்டுக்கல்லில் இருக்கும் மகள் செவ்வந்தியின் வயிற்றுக்கும் ஒரு கை போகும் என்று நினைத்துத்தான் இடுப்பு வலியோடு குனிந்தாள். படுக்கைக்கு மேலே செவ்வந்தியின் கல்யாணப் படத்தை ஒட்டியிருந்தாள். பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னால் தாம்பாளம் நிறைய ஓக்கா. படம் வந்த அன்று வளையம் முழுக்கக் கொண்டுபோய், நம் கிழங்கைப் பந்தியில் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினாள். மகளின் கடிதத்தை அடுத்தவர் வாசித்துக் கேட்கக் கூச்சப்பட்டு, நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவள் அவள். படத்தின் கீழே இருந்த பெயரை விரலால் தடவித் தடவியே பாதி எழுத்து மனதில் நின்றது.

மகளைக் கடைசியாகத் தொட்டபோது அதற்குப் பதின்மூன்று வயது. ஒன்பது அறுவடையைக் குறையில்லாமல் முடித்தவர்களுக்குத் திரும்புச் சீட்டு உண்டு. இது ஒன்பதாவது.

ஓக்காவை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பகல் நன்றாகக் குறுகியதும் வெளிக்குளிரைக் குழாய் வழியே ஒரு மணி நேரம் உள்ளே விடுவார்கள். பனி இறங்கி, தழை கருகிச் சாயும். பார்க்கிறவர்களுக்குப் பயிர் செத்த மாதிரிதான் தெரியும். ஆனால் அதன் பிறகு பதினான்கு நாள் மண்ணைத் தொடக்கூடாது. தண்டில் மிச்சமிருக்கும் சத்தெல்லாம் அந்த நாட்களில்தான் கீழே இறங்கும். சுண்டுவிரலாக இருந்த கிழங்கு கட்டைவிரலாகும்.

இந்த வருடம் பனி விட்ட மூன்றாம் நாளே கங்காணி வந்துவிட்டது. அது நான்கு கால் எந்திரம், பேசுவது சுத்தமான எழுத்துத் தமிழ். கங்காணி என்ற பெயர் ஆட்கள் வைத்தது. நாளைக் காலை தோண்ட வேண்டும், பூமியில் இப்போது சின்னக் கிழங்கைத்தான் விரும்புகிறார்கள் என்றது.

மறுநாள் நாற்பது தோண்டி எந்திரங்கள் பாத்தியோரம் வரிசையாக நின்றன. ஆனால் மண்ணில் முதல் கொத்து மனிதக் கையால்தான் விழவேண்டும் என்பது செவ்வாயின் பழைய ஒப்பந்தம். எந்திரங்கள் ஆட்களை முழுதாக ஒதுக்கிவிடக் கூடாதென்று யாரோ எப்போதோ சண்டை போட்டு வாங்கியது, நாளடைவில் வெறும் சடங்காகிவிட்டது. வருடா வருடம் மாயக்காள் ஒரு கொத்துப் போடுவாள், தோண்டிகள் கிளம்பும். இந்த முறை அவள் களைக்கொத்தைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பாதி வளந்தத பிடுங்கச் சொல்றியா? அங்க சனங்க வயிறு காஞ்சு கெடக்கு. பதினாலு நாள் விட்டா ரெண்டு பங்கு தேறும்."

"மறுத்தால் உங்கள் திரும்புச் சீட்டு ரத்தாகும்," என்றது கங்காணி.

அடுத்த பாத்திக்காரன் சன்னாசி ஓடி வந்தான். அவளைவிட நாலைந்து வயது இளையவன், வாய் சும்மா இருக்காது. "யக்கா, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? ஒரு கொத்துப் போட்டுட்டு கப்பலேறுவியா, பூமிக்கே சோறு போடுற மகராசி கணக்கா உக்காந்திருக்க."

"அரைகுறையா பிடுங்கி அனுப்பிட்டு, எம்மக முகத்துல நான் எப்படி முழிக்க?"

உட்கார்ந்தாள். ஆளைத் தொட்டுத் தூக்க எந்திரத்துக்கு அதிகாரமில்லை. முதலிரண்டு நாள் சிரித்தவர்கள் பிறகு கூழைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உட்கார்ந்த நான்காம் நாள் சீட்டு ரத்தானது. அதைக் கங்காணி வாசித்தபோது அவள் கருகிய தழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி விட்ட பதினைந்தாம் நாள் காலை எழுந்து, களைக்கொத்தை எடுத்து, ஓங்கிப் போட்டாள். மண் புரண்டது. கிழங்கு ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாமல் இருந்தது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெட்டிகள் துறைமுகத்துக்குப் போயின. இடுப்பு ஒடிந்துவிடும்போல் இருந்தும் மாயக்காள் கடைசிப் பெட்டி வரைக்கும் கூடவே நடந்தாள்.

அனுப்பிய நான்காம் நாள் பெட்டிகள் அத்தனையும் திரும்பி வந்தன.

துறைமுகத்தில் ஒட்டுகிற சீட்டை வளையத்து ஆட்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. இப்போது ஒட்டியபடியே வந்திருந்தது. மாயக்காள் குனிந்து எழுத்துக் கூட்டினாள். மேசை அலங்காரக் கிழங்கு. நான்கு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்கப்படாது. உண்பதற்கல்ல. விருந்து முடிந்ததும் குப்பையில் சேர்க்கவும்.

தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தாள். தாமதமாகக் கற்றவளுக்கு எப்போதும் வருகிற சந்தேகம். விரல் வைத்து மறுபடி படித்தாள். அடுத்த பெட்டிக்குப் போய் அங்கேயும் படித்தாள்.

"சரியாகத்தான் வாசித்தீர்கள்," என்றது கங்காணி.

"ஒம்பது வருஷமாவா?"

"இருபத்திரண்டு ஆண்டுகளாக."

"ஏன் சொல்லல?"

"எத்தனை பெட்டி என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டீர்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை."

பிறகு ஏன் எங்கள் பல்லில் காவல் வைத்தீர்கள் என்று சன்னாசி கேட்டான். அதற்கும் கங்காணி பொறுமையாகப் பதில் சொன்னது. கூலியாட்களும் தின்கிற பொருள் என்று தெரிந்தால் பூமியில் அதை யாரும் மேசையில் வைக்க மாட்டார்களாம். திரும்பி வந்தது குப்பைக் கணக்கு, அதைத் தின்றால் பல்லொற்றன் கண்டுகொள்ளாது என்றும் சேர்த்துச் சொன்னது.

ஆட்கள் அண்டாவைத் தேடி ஓடினார்கள். மாயக்காள் செய்திப்பெட்டியைத் தேடிப் போனாள். உன் கல்யாணத்தில் வைத்த கிழங்கை ஒருத்தர்கூடத் தின்னவில்லையா என்று மகளுக்குக் கேட்டு அனுப்பினாள். பூமி அப்போது தள்ளியிருந்தது. சொல் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் அந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றாள். தின்றோம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், சீட்டு போனால் போகட்டும்.

செவ்வந்தியின் குரல் வந்தது.

"என்னம்மா கேக்குற, அத யாரு திம்பா? அது வாடகைத் தட்டு. படம் பிடிச்சதும் அடுத்த மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பந்தியில கூழுதான். ஆனா படத்துல பாத்தியா, எவ்வளவு அழகா விழுந்திருக்கு." கடைசியில், "நீ எப்பம்மா வர்ற?" என்றது.

மாயக்காள் செய்திப்பெட்டியை மூடிவிட்டுத் திரும்பினாள்.

வளையத்தின் நடுவே கிழங்கு வெந்து இறங்கியிருந்தது. ஆவி பறந்தது. ஆட்கள் சுற்றி நின்றார்கள். இங்கே வந்த பிறகு பாசிக்கூழைத் தவிர எதையும் கண்டறியாத வாய்கள், ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. சன்னாசி முட்டிபோட்டு உட்கார்ந்து, பெரிய தட்டில் கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தான். வெடித்ததும் கோணலும் அடியில், சிவப்பாக வழுவழுவென்று இருந்தது மேலே. ஓரத்தில் நாலு உல்லுக்கோ. வீட்டுக்கு அனுப்ப ஆளுக்கொரு படமாம். முதல் தட்டுக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

மாயக்காள் கதவோரம் போனாள். மணி நாலரை.

"யக்கா, ரெண்டே நிமிஷம் சூரியன விட்டு வையி. வெளிச்சம் பத்தல," என்றான் சன்னாசி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கைப்பிடியை இழுத்தாள்.

இருட்டில் முதலில் நாலைந்து வசவுகள் வந்தன. பிறகு எவனோ தட்டில் கை விட்டான். மெல்லும் சத்தம் கேட்டது. இன்னொரு சத்தம் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வளையம் முழுக்க அந்தச் சத்தம்தான்.

மாயக்காளும் தடவித் தடவி வந்து உட்கார்ந்து, தட்டைத் துழாவினாள். கையில் அகப்பட்டது பெரியதா கோணலா, சிவப்பா மஞ்சளா, எதுவும் தெரியவில்லை. சூடாக இருந்தது.