இரண்டு மணிக்கு ஒரு கொலையாளி

ட்ரிங்... ட்ரிங்...!

தக்ஷிகா பாய்ந்து போனை எடுத்தாள்.

"பிள்ளை, மனோகரி அக்கா கதைக்கிறன். இண்டைக்கு ரெண்டு மணிக்கு ஆள் வரும்!"

"ஆர் அக்கா?"

"எனக்கே தெரியாது. லைசன்ஸ் குடுக்கிற கமிஷன்காரர் ஒரு ஆளை வேஷம் போட்டு அனுப்புவினம். மனக்கஷ்டம் எண்டு வந்திருந்து பொய்க்கதை சொல்லும். நீ மெய்யெண்டு நினைச்சுக் கேக்கவேணும். கோட்டை விட்டியோ... லைசன்ஸ் போச்சு!"

தக்ஷிகா போனை வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

வயது இருபத்தேழு. சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் பிறந்தவள். தேவாலயத்தின் பின்னறையில், மனம் நொந்து வருகிறவர்களை ஆற்றுப்படுத்தப் பயிற்சி பெறுகிறாள். மனோகரிதான் மேற்பார்வை. கையில் இருப்பது ஒரு வருடத்துத் தற்காலிக அனுமதி. வெள்ளிக்கிழமையோடு அது காலாவதி!

அப்பா பாலச்சந்திரன் காலையில்கூடச் சிரித்தார்.

"நான் அகதியா வந்து பதினொரு வருஷம் தற்காலிகப் பெர்மிட்டில இருந்தனான். நீ சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் வைச்சிருந்தும் தற்காலிகமோ?"

டக்... டக்... டக்!

கதவு!

மணி ஒன்று ஐம்பது. பத்து நிமிடம் முன்னதாக! கமிஷன் ஆள்தான், சந்தேகமே இல்லை. நம்மாட்கள் எந்தக் காலத்தில் நேரத்துக்கு வந்தார்கள்?

உள்ளே வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சேட்டில் இரண்டு பொத்தானைக் காணோம். வியர்வை ஆறாக ஓடியது.

"பிள்ளை... இஞ்ச கதைக்கிறது வெளியில போகாதோ?"

"போகாது அங்கிள். ஒரு உயிருக்கு ஆபத்து எண்டால் மட்டும் நான் சொல்லியே ஆகோணும்."

"அப்ப பிரச்சினை இல்லை." அவர் பெருமூச்சு விட்டார். "ஆள் முடிஞ்சுது!"

"ஆர்?"

"தம்பித்துரை! எங்கட மேல்மாடிக்காரன். கட்டடத்துக்கே நிலவறையில ஒரு வாஷிங்மெஷின்தான்; செவ்வாய்க்கிழமை என்ர முறை. மூண்டு கிழமையா என்ர முறையில அவன்ர உடுப்புச் சுத்துது! இண்டைக்கு நிலவறைக்குள்ள போய்க் கேட்டன். சிரிச்சான். சவர்க்காரத்தூள் வாளியைத் தூக்கி... மண்டையில... ஒண்டு... விட்டன்!"

நிலவறைச் சாவியை மேசையில் வைத்தார்.

சாவியில் சிவப்பாக ஏதோ...!

அடேயப்பா! நடிப்புக்கு வேண்டிய சாமானோடு வந்திருக்கிறார். தக்ஷிகா மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். பதறவில்லை. குரலை வெண்ணெயாக்கினாள்.

"உங்கட பேர் என்ன அங்கிள்?"

"சச்சிதானந்தன்."

"விழேக்க அவர் ஏதும் சத்தம் போட்டவரோ?"

"முனகினவன்... நான் பயத்தில கதவைப் பூட்டிப்போட்டு ஓடி வந்திட்டன்."

"முனகினவர் எண்டால் மூச்சு இருக்கு. மூச்சு இருந்தால் இது ரகசியம் இல்லை. இப்பவே ஆம்புலன்ஸுக்கு அடிக்கவேணும். நான் அடிக்கட்டோ, நீங்கள் அடிக்கிறியளோ?"

"நான்... நானோ?"

"நீங்களே அடிச்சால், நாளைக்குக் கண்ணாடியில உங்கட முகத்தை நீங்கள் பாக்கலாம்."

சச்சிதானந்தன் உடைந்துபோய் விம்மினார். போனை எடுத்து ஆம்புலன்ஸ் எண் 144ஐ அழுத்தினார். விலாசம் சொன்னார். தான்தான் அடித்தது என்றும் சொன்னார்!

நடிப்பென்றால் இதுவல்லவோ!

"அடுத்த தெருதான் பிள்ளை. நானே போய்க் கதவைத் திறக்கிறன்!"

சாவியோடு ஓடிவிட்டார்.

தக்ஷிகா கதிரையில் சாய்ந்தாள். பாஸ்! நூற்றுக்கு நூறு!

ட்ரிங்...!

"வணக்கம், கமிஷனில இருந்து கோபிஷா. மன்னியுங்கோ, தண்டவாளத்தில மாடு! ரயில் லாங்கன்தாலில நிண்டுட்டுது. மூண்டு மணிக்கு வந்திடுவன். உங்களைச் சோதிக்க வாற ஆள் நான்தான்!"

"அ... அப்ப... முதல்ல வந்தவர்?"

"முதல்ல ஆர் வந்தது?"

வெளியே சைரன் அலறியது!

தக்ஷிகா தெருவுக்கு ஓடினாள். அடுத்த தெருவில் ஆம்புலன்ஸ். ஸ்ட்ரெச்சரில் தலைக்கட்டோடு ஒரு தடித்த மனிதர்.

"என்ர உடுப்பு இன்னும் மெஷினுக்குள்ள கிடக்குது!" என்று கத்தினார் தம்பித்துரை.

உயிர்... கெட்டியாக இருந்தது!

"நான் காயப்போடுறன், நீ போ!" பொலிஸ் காருக்குள் ஏறிக்கொண்டே அழுதார் சச்சிதானந்தன்.

இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் ஆள் தப்பியிருக்காது என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

அப்போதுதான் தக்ஷிகா தன்னையே கேட்டுக்கொண்டாள். மெய்யென்று தெரிந்திருந்தால்... அப்படிப் பதறாமல் கேட்டிருப்பாளா? அலறியடித்து ஓடியிருப்பாளா?

சரியாக மூன்று மணி.

கோபிஷா வந்தாள். "என்னை ஆரெண்டு தெரிஞ்சாலும் சோதனை சோதனைதான்" என்றாள். உட்கார்ந்தாள். தலையைக் கலைத்துக்கொண்டாள். முகத்தை மூடி ஓவென்று அழுதாள்.

"ஐயோ... நான் ஒரு ஆளைக் கொலை செய்துபோட்டன்!"

தக்ஷிகா ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"மன்னியுங்கோ அக்கா... இண்டைக்குக் கொலை முடிஞ்சுது. களவு ஏதும் இருக்கோ?"