ஆம் என்றவர் சுமப்பது

மாமன்ற உறுப்பினர் எல்லோர் காதோரத்திலும் நினைவேற்றி ஒட்டியிருந்தது. பருப்பளவு வில்லைதான். ஆனால் அது வந்தபிறகு செவ்வாயில் யாரும் மேசையைத் தட்டிப் போர் கேட்டதில்லை.

போருக்கு 'ஆம்' என்பவர், அதில் செத்தவர்கள், சாகப்போகிறவர்கள் அத்தனை பேரின் கடைசி நினைவையும் சுமக்க வேண்டும். மன்றத்தைக் கேட்காமல் குடியரசுத் தலைவர் அவசரமாகப் போர் தொடுத்தால், மன்றம் கூடும்வரை சுமை அவருக்கு மட்டும். கூடியபின் முடிவு அவர் கையில் இல்லை. 'வேண்டாம்' என்று முடிவானால் ஆயுதங்கள் தாமே பூட்டிக்கொள்ளும், நினைவேற்றிகளும் அணைந்துவிடும்.

இந்தச் சட்டத்தை எழுதியவள் அங்கயற்கண்ணி.

வியாழன் நிலவுகளோடு நடக்கும் பனிச்சுரங்கச் சண்டையில் அவள் மகள் யாழிசையும் இருந்தாள். ஒரு வாரமாகக் கப்பல்களிடமிருந்து பேச்சில்லை. மகளை வீட்டுக்குக் கூட்டிவர ஒரே வழி 'வேண்டாம்'.

வாக்குகள் சமமாக நின்றன. இத்தனை பேர் எப்படி 'ஆம்' என்றார்கள் என்பது அவளுக்கு விளங்கவில்லை. மிச்சம் அவள் மட்டும்.

"போங்கக்கா," என்றார் பக்கத்து இருக்கை மரியதாஸ். "உங்க சட்டம், உங்க பொத்தான். ஒரு அமுக்கு அமுக்கிட்டு வாங்க, டீ ஆறுது."

பொத்தான் மேசையருகே குடியரசுத் தலைவர் ஆதிமூலம் உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளத்துக் கிடந்தது.

"வேண்டாம்னே போடுங்கம்மா. அவசரப்பட்டது நான்தான். கண்ண மூட முடியல."

"அதுக்குத்தான் வந்திருக்கேன் ஐயா."

"நேத்து ஒரு பொண்ணு. வர்ற நினைவுல ஆளு பேரு இருக்காது. மூச்சு அடங்குறப்ப சாப்பாட்டு மேசைய நெனைக்குது. கறிவேப்பிலையப் பொறுக்கிப் பொறுக்கி அம்மா தட்டுல வைக்குது. 'உனக்குத்தான் முடி கொட்டுது, நீயே தின்னு'ன்னு சிரிக்குது. அம்மா முகத்தப் பாக்கல, தட்டையே பாக்குது. அந்தப் புள்ளைக்காகவாவது நிறுத்துங்கம்மா."

அங்கயற்கண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தலையில் போட்டிருந்த முக்காட்டை அவளையறியாமல் இழுத்துவிட்டாள்.

"வலிச்சுதா அதுக்கு?"

"அத வாயால சொல்ல முடியாதும்மா. உள்ள இருந்து பாத்தாத்தான் தெரியும்."

'வேண்டாம்' என்றால் மற்றவர் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். 'ஆம்' என்றால் யாழிசை வருவாள், கையில் கறிவேப்பிலையோடு.

திரும்பி அவையைப் பார்த்தாள். 'ஆம்' என்றவர்கள் முகத்தில் வீரம் எதுவும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் அந்தக் கப்பல்களில்தான். கண்களை மூடி, காதோரத்தை விரலால் தொட்டபடி, யாரோ கூப்பிடப்போவதற்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

தண்டனை என்று நினைத்துத்தான் அவள் 'சுமக்க வேண்டும்' என்ற வரியை எழுதியிருந்தாள்.

"என்னக்கா, கை 'ஆம்' பொத்தானுக்கு மாறிப் போகுதே?" என்றார் மரியதாஸ்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, அவள் காதோரத்து வில்லையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.