மூன்றாவது கிளிக்குக்குக் கீழே

மூன்று கிளிக்குக்குள் கிடைக்காத குறிப்பு குறிப்பே அல்ல; அதை எழுதியவன் மனிதனும் அல்ல. இந்த உண்மையை உலகத்துக்கு அறிவிக்கவே தான் பிறந்திருப்பதாக அவன் நம்பினான். பிஸ்கட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே எழுந்து நின்று அறிவித்தும் விட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் மூணு கிளிக்.

அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், பதினொரு வருடப் புகார்களைக் கம்ப்யூட்டர் குறிப்பேட்டில் பக்கத்துக்குள் பக்கம், அதற்குள் இன்னொரு பக்கம் என்று செருகிவிட்டு, ஒரு திங்கட்கிழமை வராமலே நின்றுபோனவர்.

“மனுஷன் குறிப்பு எழுதலைக்கா, பதுக்கியிருக்கார்,” என்று மூணு கிளிக் ரிசப்ஷன் அக்காவிடம் சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. கடைசி ரெண்டு மாசம் அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, ஸ்ட்ரா போட்டுப் பால் மட்டும்தான் குடித்தார் என்று சொல்லிவிட்டு போனை எடுக்கப் போய்விட்டாள்.

இன்று மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டில் பல் கிடந்ததாகப் புகார். புகாரோடு வரும் படங்கள் தாமாகவே குறிப்பேட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பழையவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மேனேஜர் மேடம் கதவோரம் நின்றே பேசினாள். “அஞ்சு மணிக்குள்ள அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுப்பா. நம்ம ஆளுங்கள்ல யாரு பல்லுன்னு தெரியணும். அந்த ஆள் நாளைக்கு இங்க இருக்கக் கூடாது. காட்டலைன்னா நீ இருக்கக் கூடாது.”

தேடல் பெட்டியில் ‘பல்’ என்று தட்டினான். ஒன்றும் வரவில்லை. விசைகள் விரலோடு ஒட்டி ஒட்டி விட்டன; அவற்றின் இடுக்கிலிருந்து, ஏதோ காலத்தில் சிந்தி, துடைக்காமல் புளித்துப்போன பாலின் நாற்றம், ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சு விடுவதுபோல் மெல்ல மேலே எழும்பியது. மூக்கைச் சுளித்துக்கொண்டு, இடப்பக்கப் பட்டியலில் ‘புகார்கள்’ என்பதன் முன்னிருந்த முக்கோணத்தைத் தட்டினான். ‘பொது’ விரிந்தது. அதற்குள் ‘இதர’. அதற்குள் ‘இதர, பழையது’.

மூன்று கிளிக் தீர்ந்தது. முக்கோணம் தீரவில்லை.

நான்காவதில் ஒரு படம். பிஸ்கட்டின் மேல் மஞ்சள் பூத்த முன்பல், வேரில் நூல்போல் தொங்கும் சதை, சதையில் ஒட்டிய சர்க்கரைத் துணுக்குகள். கீழே ஒரே வரி: ‘புகார் தீர்க்கப்பட்டது.’ ஐந்தாவதில் பக்கத்துப் பல். இதன் வேர் ஈரமாக இருந்தது. புகார் தீர்க்கப்பட்டது. ஆறாவதில் பல்லே இல்லை. யாரோ தன் வாயைத் தானே படம் எடுத்திருந்தார். ஊறிய மாவுபோல் வெளுத்து உப்பிய ஈறு, குழி குழியாக. ஓரத்தில் ஒரு ஸ்ட்ரா.

எச்சில் இனித்தது. காலையிலிருந்து அவன் பிஸ்கட் எதுவும் தின்றிருக்கவில்லை.

பட்டியல் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போய், தலைப்புகளில் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியது. ஏழாவதில் அதுவும் இல்லை. தலைப்பில்லாத பக்கம். இன்றைய தேதி.

திறந்தான்.

கடைவாய்ப் பல். வெள்ளி அடைத்த பல். அடைப்பின் ஒரு ஓரம் பிறைபோல உடைந்திருந்தது.

அந்தப் பிறையை அவனுக்குத் தெரியும். கல்லூரியில் படித்த நாள் முதல் அவன் நாக்கு தினமும் உரசிய பிறை.

நாக்கு அங்கே போனது.

பள்ளம். வெதுவெதுப்பு. நனைந்த ரொட்டிபோல் ஏதோ. வலி இல்லை. நாக்கின் நுனி உள்ளே இறங்கியது. இன்னும் இறங்கியது.

“என்னப்பா, கிடைச்சுதா?”

மேடம் பின்னால் நின்றாள். அவன் உள்ளங்கையால் திரையையா வாயையா மூடுவது என்று ஒரு கணம் தவித்து, வாயை மூடினான். திரையை முதுகால் மறைத்தான்.

“பொய்ப் புகார் மேடம்,” என்றான் விரலிடுக்கு வழியாக. “பல்லு இல்ல. மாவுக்கட்டி.”

அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். இப்படிப்பட்ட ஆள்தான் இந்த நாற்காலிக்கு வேண்டும் என்றும், வேலை நிரந்தரமானதற்கான கடிதம் நாளைக்கே வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

காலடிச் சத்தம் அடங்கும்வரை அவன் விழுங்கவில்லை. பிறகு விழுங்கினான். இனிப்பாக இருந்தது.

படத்துக்குக் கீழே ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று எழுதினான். அதற்குள் புதிதாக ஒரு பக்கம் திறந்தான். அதற்குள் இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. படத்தைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய், அடியாழத்தில் போட்டு, முக்கோணங்களை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் மூடினான்.

நாக்கு அடுத்த பல்லைத் தொட்டது.

ஆடியது.

அவன் மறுபடி முக்கோணங்களைத் திறந்துகொண்டு கீழே போய், அதற்கும் ஒரு வெற்றுப் பக்கம் தயார் செய்து வைத்தான்.