ஆட்டுக்குச் சொன்ன பக்குவம்

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இசக்கிச்செல்வி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஆறு வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடத்துச் சட்டைக்குப் பித்தான் போடாமல், தலை வாராமல், தினமும் வந்து நிற்கிற மாதிரிதான் நின்றாள். அன்றைக்கு மட்டும் பாலம்மாள் தட்டை வாங்கவில்லை.

"உங்க அப்பாகிட்டப் போயிக் கேளு தாயி. இனிமே உனக்கு அங்கனதான் சாப்பாடு."

பெரியம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துப் பிள்ளை சிரித்தது. பாலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இட்லிச் சட்டியை இறக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. பிள்ளை இன்னும் தட்டை நீட்டியபடியே நின்றது.

முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த பேச்சிராஜா காதிலும் அது விழுந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அவன் வாயில் ஒரு கேள்வி கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மகள் பின்னால் நின்றான்.

"மதினி, நேத்து ரேஷன் கடையில விரலை வச்சேன். மிஷின் எடுக்கல. எம்பேரும் இல்ல, எம் மக பேரும் இல்லங்காவ. யாரு கழிச்சது?"

"நாந்தான்" என்றாள் பாலம்மாள்.

அந்த ஊரில் ரேஷன் கார்டிலிருந்து இரண்டு வகை ஆட்களைத்தான் கழிப்பார்கள். கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண், காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன பிணம். எப்போதும்வென்றானுக்கு மேற்கே இருக்கிற அந்தக் கரிசல் காட்டு ஊரில் அண்ணன் தம்பிக்குள் நிலத்தைப் பிரிப்பார்கள், வாய்க்காலைப் பிரிப்பார்கள், வெட்டுக் குத்துகூட நடக்கும். ஆனாலும் கார்டில் பேர் மட்டும் ஒன்றாகவே கிடக்கும். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவன் பேரைக் கழிப்பது என்பது யாரும் கேள்விப்படாத காரியம்.

பேச்சிராஜா தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கையில் சுருட்டினான். "கட்டிக்கொடுத்துப் போறதுக்கு நான் பொம்பளப் புள்ள இல்ல. அப்ப என்னையச் செத்துப்போனவன்னு கழிச்சிட்டீங்களா, மதினி...?"

பாலம்மாளின் புருஷன் லிங்கராஜ் கட்டிலை விட்டு எழுந்து ஓடி வந்தான். பெண்டாட்டியை அவன் கைநீட்டி அடித்ததில்லை. அன்றைக்குக் கை ஓங்கிவிட்டு, தம்பி மகள் பார்க்கிறாள் என்று கீழே போட்டான். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா, தாயில்லாத பிள்ளைக்கு இப்படி ஒரு பாவத்தைச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினான்.

பாலம்மாள் குரலை உயர்த்தவில்லை. "தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேற. பொண்டாட்டிய வச்சுக் குடும்பம் நடத்தத் தெரியாதவனுக்கு நான் எத்தனை காலத்துக்கு வடிச்சுக் கொட்டுதது? மேக்குப் பக்கத்து அறையை எடுத்துக்கிடட்டும். கேஸ் அடுப்பையும் தூக்கிட்டுப் போகட்டும், அதுதான் பங்கு. எனக்குப் பருத்திமாரு கிடக்கு, எரிச்சுக்கிடுதேன்."

பேச்சிராஜா பிள்ளையின் கையைப் பிடித்தான். அப்போதுதான் அதற்கு விளங்கி, ஓவென்று அழுதது. அந்த அழுகையை முழுசாகக் கேட்டுக்கொண்டுதான் பாலம்மாள் இட்லியை எடுத்து வைத்தாள். வழக்கம்போல நான்கு பேருக்கு அவித்திருந்தாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

பாலம்மாள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பேச்சிராஜா மூக்கொழுகிக்கொண்டிருந்த சிறு பையன். தாய் இல்லை. அவனுக்குத் தலை துவட்டிவிட்டவள், முள் எடுத்தவள், அம்மை போட்டபோது வேப்பங்குழையோடு பக்கத்தில் கிடந்தவள் எல்லாம் இவள்தான். இவள் வயிற்றில் ஒன்றும் தரிக்கவில்லை. அதனால் என்ன, எனக்குக் கொழுந்தன் இருக்கான் என்பாள். அவனுக்கும் பிரேமலதாவுக்கும் இசக்கிச்செல்வி பிறந்தபோது, பிள்ளையின் நாக்கில் முதல் சேனைச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்ததும் இவள் விரல்தான்.

பிரேமலதாவும் கெட்டவள் இல்லை. அவளுக்கு அந்த ஊரும் கூட்டுக் குடித்தனமும் ஒத்துவரவில்லை. அதற்கு மேல் பேச்சிராஜாவுக்கு ஒரு வியாதி இருந்தது. பொய் சொல்ல வராது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மழையில் சரக்கு நனைந்துவிட்டது. தார்ப்பாய் கிழிந்திருந்தது என்று சொல்லி எல்லோரும் அவனைக் காப்பாற்றப் பார்த்தார்கள். இவன் போய், நான்தான் கட்ட மறந்துவிட்டேன் என்று சொல்லி வேலையைத் தொலைத்தான். அதற்குப் பிறகு மூட்டை தூக்கின கூலிதான். வீட்டில் தினமும் சண்டை. கடைசியில் அவள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய், அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். கோவில்பட்டி கோர்ட்டில் விவாகரத்து ஆனது. பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில்தான் வழக்கு இழுத்தது. பிள்ளையைத் தன் அண்ணன் வீட்டில் விட்டு வளர்ப்பதாகப் பிரேமலதா சொன்னாள். பிள்ளையோ அப்பன் கழுத்தை விடவில்லை.

கோர்ட்டில் பேச்சிராஜாவிடம் கேட்டார்கள். பிள்ளைக்கு யார் சமைக்கிறது? மதினி என்றான். யார் குளிப்பாட்டுகிறது? மதினி. யார் தலை பின்னுகிறது? அதுக்கும் மதினிதான் என்றான். வாசலில் உட்கார்ந்திருந்த பாலம்மாளுக்குப் பூரிப்பாக இருந்தது. வெளியே வந்த வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வளர்க்கிறது மதினி என்றால் தகப்பன் எதற்கு, அண்ணன் அடுப்பில் சாப்பிடுகிறவன் எப்படிப் பிள்ளையைக் காப்பாற்றுவான் என்று எதிர்த் தரப்பில் பிடித்துக்கொண்டார்களாம். இப்போதைக்குப் பிள்ளை தகப்பனிடம் இருக்கட்டும், அவன் தனியாகப் பராமரிக்கிறானா என்று அதிகாரி வந்து பார்த்து எழுதட்டும், அதை வைத்து முடிவு சொல்லலாம் என்று உத்தரவாயிற்று.

பூரித்துப்போன அந்த நெஞ்சு அன்றைக்கே எரிய ஆரம்பித்தது. பிள்ளையை நான் வளர்த்ததே பிள்ளைக்கு எமனாக வந்துவிட்டதே என்று பாலம்மாள் யாரிடமும் சொல்லாமல் மருகினாள். மறுநாள் விளாத்திகுளம் பஸ் ஏறி, இ-சேவை மையம் வைத்திருக்கிற ஆயிஷா பீவியிடம் போய் நின்றாள். ஆயிஷா பீவி விவரமானவள். அப்பனுக்குத் தனியாக எதுவும் உதவி உண்டா என்று பாலம்மாள் கேட்க, அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"தாயில்லாம வளருத புள்ளைக்கு மாசாமாசம் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாங்கா. ஆனா அவிய பேரு உங்க கார்டுல கிடக்குத வரைக்கும் அது உங்க குடும்பம். அவருக்குன்னு ஒரு குடும்பமே கணக்குல கிடையாது. தனிக் கார்டு வேணும், தனி அடுப்பு வேணும். வந்து பார்ப்பாவ. அக்கம்பக்கத்துல விசாரிப்பாவ."

"பேருக்குப் பிரிச்சு வச்சா?"

"அவருகிட்டக் கேட்டா உண்மையைச் சொல்லிருவாரேக்கா."

அதுதான் பாலம்மாளுக்கும் தெரியுமே. அடுப்பு ரெண்டு, ஆனா சாப்பாடு மதினி வீட்டுலதான் என்று வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைப்பான். லிங்கராஜிடம் சொல்லலாம் என்றால், அவன் வாயில் விழுந்த சொல் டீக்கடையைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பும். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு உண்மையையே மாற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அவள் செல்போனை எடுத்து ஆயிஷா பீவி கையில் கொடுத்தாள். அதற்கு வந்த எண்ணைச் சொல்லித்தான் இரண்டு பேரையும் கழித்தாள்.

புது வாழ்க்கை தொடங்கியது. மேற்கு அறையில் பேச்சிராஜா சோற்றைக் குழைத்தான், ஒரு நாள் தீய்த்தான், ஒரு நாள் அரைவேக்காட்டில் இறக்கினான். பிள்ளை தலையில் அவன் போட்ட பின்னல் பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்தது. கார்டு இல்லாமல் அரிசி வராது என்று ஆயிஷா பீவியிடம் போனவனுக்கு, அவளே புதுக் கார்டுக்கும் பிள்ளையின் உதவித்தொகைக்கும் எழுதிப் போட்டுக் கொடுத்தாள். முன்னாலேயே வந்து விசாரித்துவிட்டுப் போனது யார் என்று அவள் மூச்சு விடவில்லை.

பாலம்மாளுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்புக்கொள்ளவில்லை. பருத்திமாரை ஒடித்து அடுப்பில் வைப்பாள், காது அங்கே கிடக்கும். பச்சைப் பருப்பு வாடையிலேயே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டான் என்று மூக்கு சொல்லிவிடும். உடனே கொல்லைக்குப் போய், கட்டிக் கிடக்கிற வெள்ளாட்டைப் பிடித்து ஏசுவாள்.

"ஏ மூதேவி ஆடே, பருப்பு வேகுததுக்கு முன்னாடி புளியை ஊத்தினா அது பொழுது விடியுத வரைக்கும் வேகுமா? மஞ்சப்பொடியும் ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெயும் விட்டு முதல்ல வேகப் போடணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லுதது?"

ஆடு அசைபோட்டுக்கொண்டே கேட்கும். தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துவிட்டு அப்புறம் பின்ன வேண்டும் என்று ஆட்டுக்கு ஒருநாள் சொன்னாள். பிள்ளைக்குச் சளி பிடித்தால் தூதுவளை அரைக்க வேண்டும் என்று இன்னொரு நாள். பாலம்மாளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது, பண்ணின பாவம் சும்மா விடுமா என்று தண்ணிக் குழாயில் பேசிக்கொண்டார்கள். லிங்கராஜ் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தான். தட்டில் விழுந்ததைத் தின்றுவிட்டு எழுந்து போவான்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள். பிள்ளையைத்தான் தாங்க முடியவில்லை. முதலில் நாலு நாள் வாசலில் வந்து நின்று பார்த்தது. அப்புறம் தூரத்தில் நின்று பார்த்தது. தை பிறந்தபோது, பெரியம்மா எதிரில் வந்தால் அப்பன் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்றைக்கு மிளகாய்ப் பழம் பறிக்கப் போன பாலம்மாள், வெடித்துக் கிடந்த கரிசலில் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். மிளகாய் நெடி என்று பக்கத்தில் பறித்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மாசியில் ஒருநாள் குழந்தைகள் நல ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்து இறங்கினார். பேச்சிராஜா அடுப்பில் குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா பாத்திரத்தைப் பார்த்தார், அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார், பிள்ளையின் நோட்டைப் புரட்டினார். சுவருக்கு இந்தப் பக்கம் பாலம்மாள் அடுப்பில் தீ அணைவதுகூடத் தெரியாமல் நின்றாள். சமையல் யார் என்ற கேள்வி அவள் காதில் விழுந்தது. கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டாள்.

"நாந்தான் சமைக்குதேன், குளிப்பாட்டுதேன், தலை பின்னுதேன்" என்றான் பேச்சிராஜா. அதோடு நிறுத்தவில்லை. இத்தனை மாதம் நெஞ்சில் கட்டி வைத்திருந்தது உடைந்தது. "கூடப்பொறந்தவன் வீடு பக்கத்துலதான் இருக்கு. ஒரு பருக்கை வாரதில்லம்மா அங்கன இருந்து. எங்க மதினி எங்களைச் செத்தவியன்னு கழிச்சுட்டாவ. பச்சப்புள்ள தட்டோட போயி நின்னுச்சு, அதுக்குக்கூடப் போடல. இந்தப் புள்ளைக்கு நான், எனக்கு அது. வேற நாதி இல்ல."

அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"குறையாச் சொல்றீங்க. ஆனா உங்களுக்கு இதுதாங்க நல்லது. போன தடவை கோர்ட்டுல எல்லாத்துக்கும் மதினின்னு சொல்லியிருக்கீங்க. இன்னைக்கும் அதையே சொல்லியிருந்தா, புள்ள உங்ககிட்டயே இருக்கட்டும்னு என்னால எழுதியிருக்க முடியாது. உங்க பேர்ல கார்டு இருக்கு, நீங்களே ஆக்கிப் போடுறீங்க. புள்ளையோட உதவித்தொகைக்கும் சேர்த்து எழுதுறேன்."

அவர் போன பிறகும் பேச்சிராஜா நின்ற இடத்திலேயே நின்றான். கார்டு. கேஸ் அடுப்பு. ஆயிஷா பீவி தானாகவே எழுதிப் போட்டது. கொல்லையில் ஆடு கத்தியது. அந்த ஆட்டுக்கு மதினி சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவன் நினைவுக்கு வந்தது.

ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, பருப்புக் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு அவன் அண்ணன் வீட்டு அடுப்படிக்கு வந்தான். பாலம்மாள் அணைந்த அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு இருந்தாள். தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"ஆட்டுக்கு எதுக்குப் பருப்புப் பக்குவம்னு நான் ஒருநாளாவது யோசிச்சிருக்கணும் மதினி... பாவி, உங்களைப் போயி நாக்குல நரம்பில்லாம..." அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பாலம்மாள் அவன் தலையைத் தடவினாள். அம்மை போட்டிருந்தபோது தடவின அதே தடவல். "அழாதே தம்பி. நீ அங்கன அப்படிச் சொன்னதுக்கு அப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றாள். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "உப்பு ஒரு கல் கூடிப்போச்சு" என்று அவளும் அழுதாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட லிங்கராஜ் உள்ளே வரக் கூசி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாளைக்கே உலையைச் சேர்த்துவிடலாம் என்றான் பேச்சிராஜா.

"வேண்டாம்" என்றாள் அவள். "இன்னும் கோர்ட்டு முடியல. திரும்ப வருவாவ, திரும்பக் கேப்பாவ. உனக்குப் பொய் சொல்ல வராது. தனியா இருந்தாத்தான் தனியா இருக்கேன்னு உன்னால சொல்ல முடியும். புள்ள நம்மகிட்ட இருக்கணும்ல..."

அவன் தலையாட்டினான். அப்போதுதான் மூன்று பேரும் கவனித்தார்கள். லிங்கராஜின் காலுக்குப் பக்கத்தில் இசக்கிச்செல்வி வந்து நின்றிருந்தாள். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, அவிழாமல் பின்னிய தலை. பாலம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு காலத்தில் அந்தப் பிள்ளை இந்த அடுப்படிக்குள் ஓடி வந்து சட்டியை உருட்டிவிட்டுப் போகும்.

பிள்ளை படியைத் தாண்டவில்லை. அப்பன் முகத்தைப் பார்த்தது, பிறகு பாலம்மாளைப் பார்த்தது.

"பெரியம்மா, உள்ள வரலாமா?" என்று கேட்டது.

பாலம்மாள் முன்னால் இருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய்ப் பிள்ளையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்குள் நுழையும் முன் கேட்க வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.